லெப்ரானை எந்தத் தராசில் நிறுப்பது?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் 2011 இறுதித் தொடரில் லெப்ரான் ஜேம்ஸ் வீசிய பந்துகளில் 47.8 சதவீதம் வளையத்துக்குள் விழுந்தன. 2015 இறுதித் தொடரில் 39.8 சதவீதம்தான் விழுந்தன. இந்த இரண்டு எண்களை மட்டும் ஒருவரிடம் கொடுத்து, எந்த ஆண்டு நன்றாக ஆடினார் என்று கேட்டால் தயங்காமல் 2011 என்பார். இரண்டு தொடர்களையும் பார்த்தவரிடம் கேட்டால் அதே வேகத்தில் 2015 என்பார். இரண்டிலும் அவருடைய அணி 4-2 என்றே தோற்றது. இரண்டிலும் எதிரே நின்றது பலமான தடுப்பாட்டம். ஆனாலும் 2011 அவருடைய ஆட்டக்காலத்தின் மிக மோசமான தொடர் என்றும், 2015 அவர் ஆடிய மிகச் சிறந்த தொடர்களில் ஒன்று என்றும் நான் உறுதியாகச் சொல்வேன். அதற்கான காரணங்களை நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். இறுதித் தொடர் நடக்கும் ஜூன் மாதத்தில் எங்கள் ஊர் பெரும்பாலும் மூடுபனியில்தான் விடியும். அமெரிக்காவில் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலை ஆறரைக்கு வரும். பள்ளி மணி அடிப்பதற்குள் முடிந்துவிடும் என்பது என் பாக்கியம். பக்கத்து வீட்டு அண்ணன் சிறு தேயிலை விவசாயி. இளவயதில் கோவையில் கல்லூரி அணிக்கு ஆடியவர். மைக்கேல் ஜோர்டானுக்கு இணையாக ஒருவர் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து முதல் பாதியைப் பார்ப்பார், கொழுந்து பறிக்க ஆள் வந்ததும் எழுந்துவிடுவார். 2015-ல் லெப்ரான் மூன்றாவது ஆட்டத்தில் 34 முறை வீசி 40 புள்ளி எடுத்தார், ஐந்தாவது ஆட்டத்திலும் அதே 34 முறை வீசி அதே 40. "மாஸ்டர், இத்தனை தடவை வீசினால் யார்தான் நாற்பது எடுக்க மாட்டார்கள்?" என்றார் அண்ணன்.

அவருக்குப் பழக்கமான கணக்கையே எடுத்துச் சொன்னேன். மழைநாளில் பறித்த கொழுந்து நனைந்து எடை கூடியிருக்கும். பாக்டரியில் தராசு காட்டும் கிலோவை அப்படியே எழுதிக்கொள்ள மாட்டார்கள், ஈரத்துக்கென்று ஒரு கழிவு போட்ட பிறகே கணக்கில் சேர்ப்பார்கள். ஜனவரி மாதத்தில், நேற்றிரவு வேறு ஊரில் ஆடிவிட்டுக் களைத்து வந்த அணிக்கு எதிராக எடுத்த 30 புள்ளியில் அந்த ஈரம் இருக்கிறது. லீகிலேயே முதலிடத்தில் இருக்கும் தடுப்பாட்டத்துக்கு எதிராக ஜூன் மாதத்தில் எடுத்த 30-ல் அது கிடையாது.

"சரி, கழிவு எவ்வளவு என்று யார் சொல்வது?" என்று கேட்டார் அண்ணன். சரியான கேள்வி.

அணியின் அளவில் இதற்கு ஓரளவு பதில் உண்டு. எதிரணி 100 முறை பந்தைக் கொண்டுவந்தால் எத்தனை புள்ளி விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதே தடுப்பாட்டத்தை அளக்கும் வழக்கமான முறை. ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி விட்டார்கள் என்று பார்த்தால், வேகமாக ஆடும் அணி மோசமாகத் தெரியும். 100 முறைக் கணக்கில் அந்தக் குழப்பம் இல்லை. 2014-15 சீசனின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் லீகின் மிக வேகமான அணிகளில் ஒன்று, இந்தக் கணக்கில் தடுப்பாட்டத்தில் முதலிடம், 82 ஆட்டங்களில் 67 வெற்றி. 2007-08 பாஸ்டன் செல்டிக்ஸ், 2012-13 இண்டியானா பேசர்ஸ், 2017-18 செல்டிக்ஸ் ஆகியவையும் அந்தந்த ஆண்டில் தடுப்பாட்டத்தில் முதலிடம் பிடித்த அணிகள்தான். இவை அத்தனையையும், சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃபில், லெப்ரான் எதிர்கொண்டிருக்கிறார். வலுவான தடுப்பாட்டத்துக்கு எதிரே ஒரு நட்சத்திரம் எப்படி ஆடுகிறார் என்று பார்க்க இவரைவிட நிறையச் சான்றுகள் விட்டுச்சென்ற ஆட்டக்காரர் அதிகம் பேர் இல்லை.

ஆனால் இந்த எண் அணியின் பலத்தைத்தான் சொல்கிறது, அந்தப் பலம் இந்த ஒரு மனிதருக்கு எதிராக எப்படித் திருப்பப்பட்டது என்று சொல்வதில்லை. பிளே ஆஃபின் தன்மையே அதுதான். சீசனில் நாளுக்கொரு அணி, பிளே ஆஃபில் ஒரே அணியோடு ஏழு ஆட்டங்கள் வரை. எதிரணிப் பயிற்சியாளர்கள் இரவெல்லாம் வீடியோ பார்த்து, இவருடைய எந்த வழியை அடைப்பது, எதைத் திறந்து வைப்பது என்று முடிவு செய்கிறார்கள். எதையாவது திறந்து வைத்தே ஆக வேண்டும். ஐந்து பேரைக் கொண்டு அரைக் களத்தின் எல்லா மூலைகளையும் மூட யாராலும் முடியாது. ஆகவே நான் கேட்கும் கேள்வி இது: எதிரணி அடைத்தது எது, விட்டது எது, விட்டதை இவர் எடுத்துக்கொண்டாரா?

2007-லிருந்து தொடங்குகிறேன். லெப்ரானுக்கு அப்போது 22 வயது, கிளீவ்லாந்து கேவலியர்ஸ் அணியில் ஆடினார். அரையிறுதி போன்ற கிழக்கு இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸுக்கு எதிராக 48 புள்ளி எடுத்தார். அணியின் கடைசி 30 புள்ளிகளில் 29 அவருடையது, கடைசி 25-ம் அவர் ஒருவருடையதே. அந்தக் காலத்தின் கரடுமுரடான தடுப்பாட்டம் அது. உலகமே வாய் பிளந்தது. இரண்டு வாரத்துக்குள் இறுதித் தொடரில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவரை 4-0 என்று அனுப்பிவைத்தது. சராசரி 22 புள்ளி, 35.6 சதவீதம். ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் போபோவிச் செய்தது எளிமையான காரியம். புரூஸ் போவனை இரண்டடி தள்ளி நிற்கவைத்து, பின்னால் டிம் டங்கனைக் காவல் வைத்து, 'தூரத்திலிருந்து வீசு தம்பி, உள்ளே மட்டும் வராதே' என்று வழிவிட்டார். அந்த வயதில் லெப்ரானிடம் நம்பகமான தூர வீச்சு இல்லை. எதிரணி திறந்து வைத்த கதவின் வழியாகப் போக அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தொடரில் மனத்திடம் குறைந்ததாக நான் நினைக்கவில்லை, கையில் ஓர் ஆயுதம் குறைந்தது.

2011 அப்படியல்ல. அதனால்தான் அது இன்னும் உறுத்துகிறது.

டல்லாஸ் மேவரிக்ஸ் அந்த ஆண்டு, லெப்ரான் அப்போது ஆடிய மயாமி ஹீட்டுக்கு எதிராக நிறைய ஜோன் ஆடியது. ஆளுக்கு ஆள் பின்தொடராமல் இடத்தைப் பங்கிட்டுக் காப்பதுதான் ஜோன். என்.பி.ஏ.வில் 2001-02 சீசனில்தான் ஜோன் தடுப்பாட்டம் அனுமதிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் இறுதித் தொடரில் அதை இவ்வளவு துணிச்சலாகப் பயன்படுத்திய அணி அபூர்வம். ஷான் மேரியன் முன்னால், உயரமான டைசன் சாண்ட்லர் வளையத்தடியில். லெப்ரான் ஓடிவந்து மோதும் பாதையில் எப்போதும் ஆள் இருந்தது. அடைத்தது அந்தப் பாதை. விட்டது எது? பல நேரங்களில் லெப்ரான் முன்னால் நின்றவர்கள் டிஷான் ஸ்டீவன்சன், ஜேசன் கிட் போன்ற, அவரைவிட உயரம் குறைந்த கார்டுகள். ஆறடி எட்டங்குல மனிதர் அவர்களை முதுகால் தள்ளிக்கொண்டு வளையத்தின் அருகே போய்ப் பந்தைக் கேட்டிருக்கலாம். ஆட்டத்துக்கு ஆட்டம் அந்த இடம் திறந்தே கிடந்தது. அவர் போகவில்லை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று, பந்து வந்தால் அடுத்தவருக்குக் கடத்தினார்.

சீசனில் 26.7 புள்ளி சராசரி வைத்திருந்தவர் அந்தத் தொடரில் 17.8 எடுத்தார். டுவைன் வேடுக்கும் கிறிஸ் பாஷுக்கும் பிறகு அணியில் மூன்றாம் இடம். நான்காவது ஆட்டத்தில் 11 வீச்சு, 8 புள்ளி. மூன்றே புள்ளியில் தோற்ற ஆட்டம் அது. எனக்கு இவற்றையெல்லாம் விடக் கசப்பான எண், எதிரணி தவறாக மோதினால் கோட்டில் நின்று மறிப்பில்லாமல் வீசக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ. ஆறு ஆட்டங்களில் மொத்தம் 20 முறைதான் அந்தக் கோட்டில் போய் நின்றார். மோதலுக்குப் போகிறவருக்குத்தான் ஃப்ரீ த்ரோ கிடைக்கும். 47.8 சதவீதம் என்ற அழகான எண்ணின் பின்னால் இருப்பது இதுதான்: கடினமான வீச்சுகளை அவர் எடுக்கவே இல்லை. எடுக்காத வீச்சு சதவீதத்தில் ஏறாது. அந்தக் கணக்கில் தைரியத்துக்கு இடமில்லை, ஒதுங்கி நிற்பதற்குத் தண்டனையும் இல்லை.

அந்தக் கோடையில் அவர் ஹூஸ்டனுக்குப் போய் பழைய நட்சத்திரம் ஹக்கீம் ஒலாஜுவானிடம் வளையத்தடி ஆட்டம் கற்றுக்கொண்டார். சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருதை இரண்டு முறை வாங்கிய ஒருவர், இருபத்தாறு வயதில், மாணவனாகப் போய் நின்றார். இந்தச் செய்தி எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும். என் அணிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு பாஸ்டனுக்கு எதிராக ஹீட் 3-2 என்று பின்தங்கியது. ஆறாவது ஆட்டம் பாஸ்டன் மண்ணில், தோற்றால் வீடு. 2012 ஜூன் 7. 26 வீச்சுகளில் 19 உள்ளே. 45 புள்ளி, 15 ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). இடைவேளைக்குள்ளேயே 30 எடுத்துவிட்டார். 2008-ல் இதே பாஸ்டனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 18 வீச்சுகளில் இரண்டே இரண்டு விழுந்தவர் இவர். கெவின் கார்னெட்டும் பால் பியர்ஸும் இப்போதும் எதிரே இருந்தார்கள், வயது ஏறியிருந்தது என்பதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். கழித்தாலும் அந்த இரவில் அவர் போய் நின்ற இடங்களைப் பாருங்கள். முந்தைய ஆண்டு போக மறுத்த இடங்கள் அவை. அதன்பின் ஓக்லஹோமா சிட்டிக்கு எதிரான இறுதித் தொடரில் 28.6 புள்ளி, 10.2 ரீபவுண்ட், 7.4 அசிஸ்ட் (அடுத்தவரின் புள்ளிக்கு வழிவகுத்த பாஸ்), முதல் கோப்பை.

2013-ல் மறுபடியும் ஸ்பர்ஸ். அதே போபோவிச், அதே டங்கன், போவனின் இடத்தில் இளைஞர் கவாய் லெனார்ட். திட்டமும் கிட்டத்தட்ட அதுவே: தள்ளி நில், வீச விடு. முதல் மூன்று ஆட்டங்களில் லெப்ரான் எடுத்தது 18, 17, 15. மூன்றாவது ஆட்டத்தில் 21 வீச்சில் 7, ஒரு ஃப்ரீ த்ரோகூட இல்லை, அணி 36 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. அத்தோடு நிறுத்தி மதிப்பெண் போட்டிருந்தால் 2007-ன் மறுபதிப்பு என்றுதான் எழுதியிருக்க வேண்டும். நான்காவது ஆட்டத்தில் 33. ஆறாவது ஆட்டத்தில் 32, 10 ரீபவுண்ட், 11 அசிஸ்ட். கடைசி விநாடிகளில் கூட்டாளி ரே ஆலன் மூலையிலிருந்து வீசி ஆட்டத்தைச் சமன்செய்த அந்த வீச்சு இல்லாவிட்டால் கோப்பை போயிருக்கும், அதை மறைத்து எழுதக் கூடாது. ஏழாவது ஆட்டத்தில் 37 புள்ளி, மூன்று புள்ளி வீச்சுகள் மட்டும் ஐந்து. ஆட்டம் முடிய அரை நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது வெற்றியை உறுதிசெய்ததும் ஒரு தூர வீச்சுதான். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு 'வீசு' என்று திறந்துவிட்ட அதே கதவு. இம்முறை அதன் வழியாகவே போய் எதிரணியை வென்றார்.

தொடரின் சராசரி 25.3 என்று பதிவாகியிருக்கிறது. முதல் மூன்று ஆட்டங்களும் கடைசி நான்கும் இரண்டு வேறு கதைகள் என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. ஆகவே பிளே ஆஃப் தொடரை நான் ஒரே துண்டாக எடைபோடுவதில்லை. எதிரணியின் திட்டம் வெளிப்பட்ட பிறகு என்ன செய்தார் என்பதற்கே அதிக மதிப்பு கொடுக்கிறேன்.

இனி 2015. இதில்தான் அண்ணனுக்கும் எனக்கும் பெரிய வழக்கு.

லெப்ரான் திரும்பிப் போயிருந்த கிளீவ்லாந்து கேவலியர்ஸின் கெவின் லவ் முதல் சுற்றிலேயே தோளில் அடிபட்டு வெளியேறிவிட்டார். கைரி இர்விங் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில், முழங்கால் சில்லு உடைந்து போனார். மீதி இருந்தவர்கள் டெல்லவெடோவா, ஷம்பர்ட், ஜே.ஆர். ஸ்மித், டிரிஸ்டன் தாம்சன், மோஸ்கோவ். நல்ல உழைப்பாளிகள். ஆனால் பந்தை எடுத்துக்கொண்டு போய்த் தானாக ஒரு வீச்சை உருவாக்கக்கூடியவர் அவர்களில் இல்லை. எதிரே லீகின் முதல்தரத் தடுப்பாட்டம்: ஆந்த்ரே இகுவடாலா, டிரேமண்ட் கிரீன், கிளே தாம்சன், ஹாரிசன் பார்ன்ஸ். யாரை மாற்றி யார் வந்தாலும் சமாளிக்கக்கூடிய கைகள்.

வாரியர்ஸின் முடிவு சுவாரஸ்யமானது. இரண்டு பேரை லெப்ரான்மீது ஏவி மற்றவர்களைத் திறந்துவிடும் வழக்கமான வழியை அவர்கள் பெரும்பாலும் எடுக்கவில்லை. தனியாக விட்டார்கள். இகுவடாலா ஒருவரே முன்னால், மற்ற நால்வரும் அவரவர் ஆளோடு. இவர் கடினமான வீச்சு வீசட்டும், களைக்கட்டும், கூட்டாளிகளின் கை சூடேற விடாதே. அதாவது அவர்கள் அடைத்தது லெப்ரானின் பாஸ் போகும் வழிகளை. விட்டது, அடுத்தவர் முகத்துக்கு நேரே ஒற்றைக்கு ஒற்றையாக எடுக்க வேண்டிய வீச்சுகளை.

அதை அவர் எடுத்துக்கொண்டார். ஆறு ஆட்டங்களில் 196 வீச்சு, உள்ளே போனவை 78. புள்ளிகள் 44, 39, 40, 20, 40, 32. ஆட்டத்துக்குச் சராசரியாக 45.8 நிமிடம் களத்தில் நின்றார், ஓர் ஆட்டமே 48 நிமிடம்தான். கேவலியர்ஸ் அந்தத் தொடரில் எடுத்த மொத்தப் புள்ளி 561. அதில் 215 இவருடையது, நூற்றுக்கு முப்பத்தெட்டுக்கும் மேல். சராசரி 13.3 ரீபவுண்ட், 8.8 அசிஸ்ட். பாஸ் வழிகளை அடைத்திருந்தும் இத்தனை அசிஸ்ட் என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது ஆட்டத்தில் 35 வீச்சில் 11தான் விழுந்தன, ஆனால் 16 ரீபவுண்டும் 11 அசிஸ்டும் சேர்த்து, வாரியர்ஸ் மண்ணில், கூடுதல் நேரத்தில் இரண்டு புள்ளியில் வென்றார்கள். அடுத்த ஆட்டத்தையும் வென்று தொடரில் 2-1 என்று முன்னே போனார்கள். 67 வெற்றி கண்ட அணியை இந்தப் படையோடு!

நான்காவது ஆட்டத்தில் வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர், உயரமான ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து இகுவடாலாவைத் தொடக்கத்திலேயே இறக்கினார். களம் விரிந்தது, வேகம் கூடியது, களைத்த ஏழெட்டுப் பேரால் ஈடுகொடுக்க முடியவில்லை. தொடர் அங்கே திரும்பியது. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு வாக்களித்த 11 பேரில் எழுவர் இகுவடாலாவையும் நால்வர் லெப்ரானையும் தேர்ந்தெடுத்தார்கள். தோற்ற அணியில் இருந்தவருக்கு நான்கு வாக்கு!

அண்ணன் சொல்லும் 'இத்தனை தடவை' வாதத்துக்கு என் பதில் இதுதான். அந்த வீச்சுகளை லெப்ரான் விட்டுக்கொடுத்திருந்தால் அவை எங்கே போயிருக்கும்? 24 விநாடிக்குள் வீசியாக வேண்டும் என்ற கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஷம்பர்ட்டின் கையில் போயிருக்கும். லெப்ரானின் 39.8-ஐ அவருடைய நல்ல நாள் சதவீதத்தோடு ஒப்பிடக் கூடாது, அந்த இடத்தில் அந்த நொடியில் வேறு யார் வீசியிருந்தால் என்ன விழுந்திருக்கும் என்பதோடு ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் அது சிறிய எண் அல்ல. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: கடைசி இரண்டு ஆட்டங்களில் நான்காம் குவார்ட்டரில் அவர் கால்கள் கனத்துவிட்டன. தூரத்திலிருந்து வீசிய பந்துகள் வளையத்தின் முன்விளிம்பிலேயே பட்டுத் திரும்பின. கால் ஓய்ந்தால் பந்து முன்னாலேயே விழும் என்று எங்கள் களத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வாரியர்ஸின் திட்டம் அந்த அளவுக்குப் பலித்தது. இகுவடாலாவுக்கு உரிய மரியாதையை அதற்காகக் கொடுத்தே ஆக வேண்டும்.

கால் ஓய்வது பற்றிப் பேசும்போது இடத்தையும் சொல்லிவிடுகிறேன். டென்வர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,600 மீட்டர். அங்கே போய் ஆடும் அணிகள் மூச்சு வாங்குவது பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். கோத்தகிரி அதைவிட உயரம். கோவையிலிருந்து மேலேறி வரும் பள்ளி அணிகள் முதல் பாதியில் எங்களைத் துவைத்து எடுத்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் இடுப்பில் கைவைத்து நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கடைசிப் பத்து நிமிடத்தில் எங்கள் தடுப்பாட்டம் வலுப்பெற்றது என்று ஸ்கோர் புத்தகத்தை மட்டும் பார்ப்பவர் நினைப்பார். பாதி வேலையை மலை செய்திருக்கும்.

அதே வாரியர்ஸை வென்று கேவலியர்ஸ் கோப்பை எடுத்த 2016 இறுதித் தொடர் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 3-1 என்று பின்தங்கிய பிறகு அடுத்தடுத்து 41, 41, கடைசி ஆட்டத்தில் 27 புள்ளியோடு ரீபவுண்டிலும் அசிஸ்டிலும் இரட்டை இலக்கம், இகுவடாலாவின் வீச்சைப் பின்னாலிருந்து பாய்ந்து பலகையில் அறைந்த அந்தத் தடுப்பு. நியாயமாக மதிப்பிட வேண்டுமென்றால் ஐந்தாவது ஆட்டத்தில் டிரேமண்ட் கிரீன் தடை காரணமாக ஆடவில்லை என்பதையும், அதே ஆட்டத்தில் போகட் காயமடைந்து பிறகு வரவே இல்லை என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் 41-க்குச் சிறிய கழிவு உண்டு. கிரீன் திரும்பிவந்த ஆறாவது ஆட்டத்திலும் அதே 41 வந்ததால் அந்தக் கழிவு பெரிதாக எதையும் மாற்றவில்லை. 2018-ல் பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டமும் உண்டு. லவ் இல்லாமல் 48 நிமிடமும் நின்று 35 புள்ளி, 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட், 87-79. இதற்கு விளக்கமே தேவையில்லை.

ஒற்றை ஆட்டங்களை வைத்துத் தீர்ப்பு எழுதுவதை நான் விரும்புவதில்லை. 2015 மேற்கு இறுதித் தொடரில் இதே வாரியர்ஸுக்கு எதிராக ஜேம்ஸ் ஹார்டன் நான்காவது ஆட்டத்தில் 45 எடுத்தார், ஐந்தாவது ஆட்டத்தில் 11 வீச்சில் இரண்டே விழுந்து 14 எடுத்தார். எது ஹார்டன்? கோபி பிரயன்ட் 2010 ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டனுக்கு எதிராக 24 வீச்சில் 6. பந்து விழவில்லை என்று தெரிந்ததும் ரீபவுண்டுக்குப் போய் 15 எடுத்தார், 83-79 என்று கோப்பை வந்தது. அந்த 6-ஐ மட்டும் சொல்லிக் கேலி செய்பவர்கள் அந்த 15-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் நான் தொலைக்காட்சியில் மட்டும் கற்கவில்லை. எங்கள் அணியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வாரியர்ஸ் நட்சத்திரம் ஸ்டீபன் கர்ரி என்றால் உயிர். கீழிருந்து வந்த ஓர் அணி அவளுக்கென்றே ஒரு திட்டத்தோடு வந்தது: நால்வர் கட்டமாக நின்று வளையத்தைக் காக்க, ஐந்தாமவள் இவளை மட்டும் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும். பந்து களத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அந்தப் பெண் பந்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. இவள் ஜெர்ஸியின் எண்ணையே பார்த்துக்கொண்டு, ஒரு கையை இவள் இடுப்பருகே நீட்டியபடி கூடவே ஓடினாள். எங்கள் சிமெண்ட் களத்தின் வடக்கு ஓரத்தில் எத்தனை முறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாலும் பாசி படியும், அன்றைக்குத் தூறல் வேறு. இவள் இரண்டு முறை வழுக்கினாள். முதல் பாதியில் அவளுக்குப் பந்தே வரவில்லை. இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டே, "சார், நான் நடுக்கோட்டுப் பக்கம் போய்ச் சும்மா நிற்கட்டுமா? அவளும் கூடவே வந்துவிடுவாள். மற்றவர்களுக்கு நாலுக்கு நாலு ஆகிவிடும்" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே கண்டுபிடித்தாள். இரண்டாம் பாதியில் அப்படியே போய் நின்றாள். உள்ளே திறந்த இடத்தில் எங்கள் உயரமான பெண் வளையத்தருகே எழும்பிப் போடும் லே அப்களை மாறி மாறிப் போட்டாள். ஜெயித்தோம். ஸ்கோர் புத்தகத்தில் இவள் பெயருக்கு நேரே நான்கு புள்ளி. பார்க்க வந்திருந்த அவள் அப்பா, "இன்றைக்குச் சரியாக ஆடவில்லையே சார்" என்று வருத்தப்பட்டார். அவரை உட்காரவைத்து விளக்கிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினேன்.

2019 இறுதித் தொடரில் டொரண்டோ ராப்டர்ஸ் கர்ரிக்கு எதிராக எடுத்ததும் இந்தக் கட்டம்தான். பள்ளி ஆட்டங்களில் காணப்படும் தந்திரம் என்று பலர் வியந்தார்கள். இரண்டாவது ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் கர்ரியைச் சூழ்ந்தார்கள். பந்து கூட்டாளி லிவிங்ஸ்டன் வழியாக இகுவடாலாவுக்குப் போனது. அவர் அருகே யாருமே இல்லை. மூன்று புள்ளி, ஆட்டம் முடிந்தது. அந்த வீச்சுக்குக் கர்ரியின் கணக்கில் அசிஸ்ட்கூடக் கிடையாது. அடுத்த ஆட்டத்தில் கர்ரி 47 எடுத்தார், கிளே தாம்சனும் கெவின் டுரான்டும் ஆடவில்லை, வாரியர்ஸ் 14 புள்ளியில் தோற்றது. இந்த இரண்டில் எதை உயர்ந்த ஆட்டம் என்பீர்கள்? 47-ஐக் குறைத்துப் பேச மாட்டேன், அன்று அவரால் முடிந்ததையெல்லாம் செய்தார். ஆனால் தடுப்பாட்டத்தை வென்றது முந்தைய ஆட்டத்தில்தான்.

"அப்படியானால் என் ஜோர்டானையும் இதே தராசில் வை, பார்ப்போம்" என்றார் அண்ணன்.

வைத்தேன். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 1988, 1989, 1990 மூன்று ஆண்டும் தொடர்ந்து ஜோர்டானின் சிகாகோ புல்ஸை வெளியேற்றியது. ஜோர்டானுக்கென்றே விதிகள் வகுத்திருந்தார்கள்: ஜோ டூமார்ஸ் முன்னால் நின்று அவரை உதவி ஆட்கள் இருக்கும் பக்கமாகத் தள்ளுவது, உள்ளே வந்தால் இரண்டு மூன்று உடம்புகளால் மறிப்பது, மேலே எழும்பினால் கீழே விழவைப்பது. அடைத்தது ஜோர்டானை. விட்டது மற்ற நால்வரை. 1990 தொடரில் ஜோர்டானின் சராசரி 32.1 புள்ளி, ஓர் ஆட்டத்தில் 47, மற்றொன்றில் 42. தொடர் 4-3 என்று போய்விட்டது. ஏழாவது ஆட்டத்தில் கூட்டாளி ஸ்காட்டி பிப்பன் ஒற்றைத் தலைவலியோடு பார்வை மங்கி ஆடினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1991-ல் ஜோர்டானின் சராசரி 29.8 ஆகக் குறைந்தது. புல்ஸ் 4-0. பயிற்சியாளர் பில் ஜாக்சனின் முக்கோண ஆட்டத்தில் பந்து கைமாறியது, இரண்டு பேர் ஜோர்டானிடம் ஓடியபோது மூன்றாமவருக்கு வீச்சு கிடைத்தது, பிஸ்டன்ஸின் விதிகளுக்கு வேலையில்லாமல் போனது. முதல் ஆட்டத்தில் ஜோர்டான் எடுத்தது 22 புள்ளிதான். மாற்று ஆட்டக்காரர்கள் முன்னிலையை உயர்த்தினார்கள். 94-83.

அண்ணன் இன்றைக்கும் 1990-ன் 47-ஐப் பற்றித்தான் பேசுவார். அதை அவர் விவரிக்கும்போது கேட்க நன்றாகவே இருக்கும். ஜோர்டான் பிஸ்டன்ஸுக்கு எதிராக ஆடிய ஆட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், நான் எடுப்பது 1991-ன் அந்த 22-ஐ.